எந்த மாநிலத்துக் கதை? அமெரிக்க நகைச்சுவைத் தொடர்கள்: கேள்வி பதில்

கேள்வி: ‘சியர்ஸ்’ தொடரின் மதுக்கூடம் பாஸ்டனில் உண்மையிலேயே இருக்கிறதா?

பதில்: மாசசூசெட்ஸ் தலைநகரான பாஸ்டனில், பீக்கன் தெருவில் இருந்த ‘புல் அண்ட் ஃபின்ச்’ என்ற மதுக்கூடத்தின் வெளித்தோற்றத்தையே 1982 முதல் 1993 வரை காட்டினார்கள். உள்ளே நடப்பவை ஹாலிவுட்டில், பாரமவுண்ட் தளத்தில் எடுக்கப்பட்டவை. முகப்பை வைத்து மாநிலத்தை முடிவு செய்யாதீர்கள். இதை அனைவருக்குமே சொல்கிறேன்.

கேள்வி: ‘ஃப்ரெண்ட்ஸ்’ நியூயார்க்கில் எடுக்கப்பட்டதா?

பதில்: இல்லை, கலிபோர்னியாவின் பர்பாங்கில்.

கேள்வி: எல்லாமே கலிபோர்னியாவில் எடுக்கப்படுகிறது என்றால், கதை எந்த மாநிலத்தில் நடந்தால் என்ன? பெயரை மாற்றினால் போதாதா?

பதில்: போதாது. 1951-இல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோது, நியூயார்க்குக்குக் குடிபெயர அதில் நடித்த தம்பதியரான லூசில் பாலும் டெசி அர்னாஸும் மறுத்து, ஹாலிவுட்டிலேயே பார்வையாளர்களை உட்காரவைத்து மூன்று படக்கருவிகளால் ஒரே நேரத்தில் படமாக்கினார்கள். பிறகு பலரும் அவ்வழியே வந்தார்கள். அதனால் தொலைவில் உள்ள ஒரு மாநிலத்தை உருவாக்கும் வேலை எழுத்தாளர்களுக்கும் அரங்கப் பொருள்களைத் திரட்டுவோருக்கும் வந்து சேர்ந்தது. பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில், காகிதம் விற்கும் ஓர் அலுவலகத்தில் நடக்கும் ‘தி ஆஃபிஸ்’ (2005–2013) தொடரில், ஊழியர் ட்வைட்டின் மேசையருகே ‘ஃப்ராகி 101’ என்ற ஒட்டுப்படம் தெரியும். அது அந்த வட்டாரத்து வானொலி நிலையத்தினுடையது. அலுவலகத்தார் ஜனவரிக் குளிரில் படகேறுவதும் அப்பகுதியில் மெய்யாகவே உள்ள வாலன்பாபாக் ஏரியில்தான். நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்துபோன ஊரில், காகித வியாபாரமும் தேயும் காலத்தில், வேலை போய்விடுமோ என்று கலங்குகிறவர்களின் கதை அது. அவர்களைச் சான் டியேகோ கடற்கரையில் கொண்டுபோய் வைத்தால் அந்தக் கலக்கம் பிடிபடாது.

கேள்வி: ‘சிம்சன்ஸ்’ தொடரின் ஸ்பிரிங்ஃபீல்டு எந்த மாநிலம்?

பதில்: வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஓரிகன் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து பெயரை எடுத்ததாக, தொடரை உருவாக்கிய மேட் கிரேனிங் 2012-இல் சொன்னார். பெயர் வந்த இடமும் கதை நடக்கும் இடமும் ஒன்றல்ல.

கேள்வி: ‘பிரேக்கிங் பேட்’ பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: அது நகைச்சுவைத் தொடரன்று, குற்றக் கதைகள் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ‘டிசைனிங் விமன்’ தொடரின் அழகான வீடு அட்லாண்டாவில் எங்கே இருக்கிறது?

பதில்: கதை ஜார்ஜியாவில், வீடு ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில். இல்லினாயில் நடக்கும் ‘ரோசேன்’ தொடரின் வீடும் இந்தியானாவின் எவன்ஸ்வில்லில் இருக்கிறது. முகப்பை நம்பாதீர்கள் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். வீடுகளைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

கேள்வி: மாநிலப் பெயரை மாற்றினால் போதாதா என்று கேட்டவன் மீண்டும் வருகிறேன். ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரின் பானி என்ற ஊர் இந்தியானாவில் கிடையாது. அதன் நகர மன்றம்கூடக் கலிபோர்னியாவின் பசடீனாவில் உள்ள கட்டடம். அப்படியானால் மாநிலம் வெறும் ஒட்டுத்தானே?

பதில்: ஊர் கற்பனை என்பதால் மாநிலமும் கற்பனையாகிவிடாது. ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ (1960–1968) காட்டிய மேபெரியும் வட கரோலினாவில் இல்லை. ஆனால் அம்மாநிலத்து மவுண்ட் ஏரி என்ற ஊரில் பிறந்த நாயக நடிகர் கிரிஃபித்தின் பேச்சு அந்த மண்ணின் பேச்சு. கதையில் அடிக்கடி அடிபடும் ராலே உண்மையான தலைநகரம். பக்கத்து ஊரான மவுண்ட் பைலட், மவுண்ட் ஏரிக்கு அருகிலுள்ள பைலட் மவுண்டனைத் திருப்பிப்போட்ட பெயர். 1971-இல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம், நகரத்து இளையோரை விரும்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்டுப்புறத் தொடர்களை நிறுத்தியபோது மேபெரியின் தொடர்ச்சியும் முடிந்தது. ‘தி மேரி டைலர் மூர் ஷோ’வில் மினியாபொலிசுக்கு வேலை தேடி வரும் மேரியும் (1970), ‘ஆல் இன் தி ஃபேமிலி’யில் நியூயார்க்கின் குயின்ஸில் ஓயாமல் வாதாடும் பங்கர் குடும்பமும் (1971) அந்நிறுவனத்தின் புதிய முகங்களானார்கள். இடம் வெறும் ஒட்டு என்றால், பார்வையாளர் இருந்த தொடர்களை ஏன் கைவிட்டார்கள்?

கேள்வி: தமிழ்க் குடும்பத்தின் கதை ஏதேனும் உண்டா?

பதில்: ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ (2020–2023). தேவி விஸ்வகுமாரின் குடும்பம் கலிபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் வாழ்கிறது. லாங் ஃபிஷருடன் இதை உருவாக்கிய மிண்டி கேலிங், ‘தி ஆஃபிஸ்’ தொடரில் எழுதியவர், நடித்தவர், வளர்ந்தது மாசசூசெட்ஸில்.

கேள்வி: தன் இளமையின் சாயலில் எழுதியவரே மாநிலத்தை மாற்றியிருக்கிறாரே!

பதில்: மாற்றலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், பெயரை மட்டும் மாற்றி நிறுத்திக்கொள்ள முடியாது என்பதே என் வாதம். கேலிங் காலத்தையும் இன்றைய நாளுக்குக் கொண்டுவந்து, பள்ளியில் கூடி விநாயகர் பூஜை நடத்தும் இந்தியக் கூட்டத்தையும், அங்கே தெரிந்தவர்களை எதிர்கொள்ளும் தேவியின் சங்கடத்தையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது.