கேமரா கேள்வி - பதில்: ஹைடுக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி7500 கேமராவும் 70-300 எம்.எம். (எஃப் 4.5-5.6) லென்ஸும் இருக்கின்றன. டிசம்பரில் கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் போய், ஹைடில் (பறவைக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து படமெடுக்கும் மறைவிடம்) உட்கார்ந்து ஆறுமணிக்குருவியைப் படமெடுக்க ஆசை. "600 எம்.எம். எஃப் 4 லென்ஸ் இல்லாமல் அங்கே போவதே வீண். செகண்ட் ஹேண்டில் பழைய மாடல் ஒன்று வந்திருக்கிறது, விடாதே" என்கிறார் நண்பர். பி.எஃப். பணத்தில் கை வைக்கலாமா?
- ஈரோடு வாசகர்

பதில்: வைக்காதீர்கள். நண்பர் ஏரிக்கரைக் கணக்கை ஹைடுக்குள் கொண்டுவந்து போடுகிறார். வேடந்தாங்கல் கரையில் நின்றால் 600-கூடப் போதாது, உண்மைதான். ஹைடு அப்படியில்லை. வலைத்துணிக்குப் பின்னால் நீங்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள், குருவி தானாக எதிரே உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு வரும். நடுவே பெரும்பாலும் ஐந்தாறு மீட்டர்தான் இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆறு மீட்டர் தூரத்தில், உங்கள் கேமராவில் 600 எம்.எம். மாட்டினால் ஃபிரேமில் அடங்குவது சுமார் 24 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம். ஆறுமணிக்குருவியே ஏறக்குறைய 19 செ.மீ. நீளம். அது ஒரு தத்து தத்தினால் வால் வெளியே போய்விடும். அரசவால் ஈப்பிடிப்பான் ஆண் குளிக்க வந்தால், அந்த வெள்ளை வாலைத் தனிப்படமாகத்தான் எடுக்க வேண்டும். காட்டுக்கோழிச் சேவல் வந்தால் கொண்டையும் கண்ணும் கிடைக்கும், அவ்வளவுதான். அதே இடத்தில் உங்கள் 300-ல் 48-க்கு 32 செ.மீ. அடங்கும். குருவியும் அது நிற்கும் பாசி படிந்த கல்லும் சேர்ந்து வரும். எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பது. கடையில் இதை யாரும் கேட்பதில்லை. நண்பர் சொல்லும் பழைய மாடல், 600 எஃப் 4ஜி வி.ஆர். என்றால், ஐந்து மீட்டருக்குள் வந்த பறவையை ஆட்டோஃபோகஸில் பிடிக்காது. குருவி நாலு மீட்டரில் வந்து நின்று உங்களையே பார்க்கும், லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். எடையும் ஐந்து கிலோ.

நண்பருக்காக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் மரத்தடி நன்றாகவே இருட்டும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸுக்குள் வெளிச்சம் கூடும்; எஃப் 5.6-ஐவிட எஃப் 4 இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் ஆறு மீட்டரில் 600-ஐ எஃப் 4-ல் திறந்தால் உங்கள் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை செ.மீ.கூட இருக்காது. குருவி நேராகப் பார்த்தால் அலகு பளிச், கண் மங்கல். கடைசியில் எஃப் 8-க்குத்தான் இறக்குவீர்கள். அப்புறம் எதற்கு அவ்வளவு பணம்?

வாங்கியே ஆக வேண்டும் என்றால், நான் கைகாட்டுவது நிக்கான் 200-500 எஃப் 5.6. எடை 2.3 கிலோ, 2.2 மீட்டர் வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். அதில் எனக்கு ஒரு குறை உண்டு. 200-லிருந்து 500-க்குப் போக ஒரே திருகு போதாது. கையை எடுத்து மறுபடி பிடித்துத் திருக வேண்டும். ஜூம் செய்தால் லென்ஸும் நீளும். அதனால் வலை ஓட்டைக்கு வெளியே மூக்கை நீட்டாமல் ஒரு சாண் உள்ளே தள்ளி வையுங்கள். 350 வாக்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் பாதி நேரம் திருகவே வேண்டியிருக்காது.

ஆனால் இந்தப் பயணத்துக்கு 70-300-ஐயே எடுத்துப் போங்கள். 300-ல் அதுவும் எஃப் 5.6 தானே. வெளிச்சத்தில் 200-500-க்கு எந்தக் கூடுதலும் கிடையாது. புக் செய்யும்போது "ரூம் வாடகை எவ்வளவு" என்பதோடு "தொட்டி எத்தனை மீட்டரில்" என்றும் கேளுங்கள். பத்து மீட்டருக்கு மேல் என்றால் மட்டும் 200-500-ஐ வாடகைக்கு எடுக்கலாம்.

கேள்வி: ஹைடுக்குள் ட்ரைபாடா, பீன்பேகா?
- திருச்சி வாசகி

பதில்: முன்னால் பலகையோ திட்டோ இருந்தால், அதன்மேல் வைத்து லென்ஸைத் தாங்கும் பையான பீன்பேக். இல்லாவிட்டால் ட்ரைபாட், கால்களை அகட்டித் தாழ்வாக. பீன்பேகை வீட்டிலேயே நிரப்பிச் சுமக்காதீர்கள் அம்மா. காலிப் பையாகக் கொண்டுபோய், தங்கும் இடத்துச் சமையலறையில் மூன்று கிலோ அரிசி கேட்டு நிரப்பிக்கொண்டு, கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிடலாம். உள்ளே ஒரு பாலிதீன் உறை போட்டால் அரிசியில் அழுக்கு ஏறாது. குருவி தத்தித் தத்தி நின்று கேட்கும் அந்த நொடியில் அழுத்துங்கள். பீன்பேக் இருந்தால் 1/125 நொடியிலும் படம் ஆடாது.

கேள்வி: கேனான் ஆர்.எஃப். 800 எஃப் 11 மலிவாகக் கிடைக்கிறதே, ஹைடுக்கு வாங்கலாமா?
- மதுரை வாசகர்

பதில்: அது ஃபோகஸ் ஆகும் குறைந்தபட்ச தூரமே ஆறு மீட்டர். தொட்டி ஐந்து மீட்டரில் இருந்தால் நீங்கள் ஹைடுக்குப் பின்னால் எழுந்துபோய் நிற்க வேண்டும். எஃப் 11 என்பது எஃப் 5.6-ஐவிட நாலில் ஒரு பங்கு வெளிச்சம். காட்டுக்குள் அதை வைத்து என்ன செய்வது? கண்மாய்க் கரையில் நல்ல வெயிலில் நாரை எடுக்க என்றால் தாராளமாக வாங்குங்கள்.