பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கினீர்களா?

நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேப்டாப் பற்றியவை. நீளமாக எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப் 2018-இல் வாங்கியது. ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய்த் திரும்பினாலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சர்வீஸ் கடையில், "இதுக்குச் செலவு செய்றது வேஸ்ட், 42 ஆயிரத்துக்குப் புதுசு எடுங்க" என்கிறார்கள். எடுக்கலாமா? (வண்ணார்பேட்டை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் நீங்களே ஒன்று பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். ஆன் ஆன முதல் ஐந்து நிமிடம் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சிபியு மட்டும் 20, 30-இல் கிடந்தால், குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் தட்டு இருக்கிறது. இசைத்தட்டில் முள் ஓடுவது போல அதன் மேல் ஒரு முனை அலைந்து படிக்கிறது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் முனை இடம் மாறி, தட்டு சுற்றி வருவதற்குள் 10 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி. என்பது மெமரி சில்லுகளிலேயே சேமிக்கும் டிஸ்க், அதில் சுற்றுவதும் அலைவதும் கிடையாது. அதே வேலை 0.1 மில்லி செகண்ட் அளவில் முடிகிறது. பெட்டியில் "நொடிக்கு 550 எம்பி" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். உங்கள் காலை நேரத்தைக் காப்பாற்றப் போவது அந்த எண் அல்ல, இந்த நூறு மடங்கு வித்தியாசம்.

காசில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்-அப் பட்டியல் இருக்கும். ஆன் ஆகும்போதே கூடவே எழுந்து உட்காருகிறவற்றில் தேவையில்லாததை நிறுத்திவிடுங்கள். அப்புறம் 2.5 அங்குல சாட்டா (ஹார்ட் டிஸ்க்கும் பயன்படுத்தும் இணைப்பு வகை) எஸ்.எஸ்.டி. ஒன்று. டைப்பிங் கடைக்கு 256 ஜிபி போதும். லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, கேடி (caddy) என்று ஒரு சட்டகம் விற்கிறது, அதில் பழைய ஹார்ட் டிஸ்க்கை வைத்து ஃபைல்களை அதிலேயே விட்டுவிடலாம்.

ராம் இரண்டாவது. எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு, வழக்கமான வேலை எல்லாம் திறந்திருக்கும்போது மெமரி 85, 90 சதவீதம் என்று காட்டினால் 8 ஜிபி ஆக்குங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கொண்டு போகிறது. மெமரி சில்லு செய்கிறவர்கள் தங்கள் சரக்கை ஏ.ஐ. சர்வர்களின் பக்கம் திருப்பிவிட்டதுதான் காரணம். அதனால் தேவையா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. இரண்டும் சேர்த்தாலும் புது லேப்டாப் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

கேள்வி: ஆன்லைனில் 16 டிபி எஸ்.எஸ்.டி. 1,499 ரூபாய். ஸ்டாக் முடிவதற்குள் வாங்கிவிடலாமா? (பேட்டை)

பதில்: வேண்டாம். அந்த விலைக்கு அந்தச் சரக்கை யாராலும் தர முடியாது.

கேள்வி: ஆஃபரில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் வாங்கினேன். என் லேப்டாப் 2014 மாடல். ராம் ஸ்லாட்டில் உட்காரவில்லை, அழுத்திப் பார்த்தும் போகவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடலாமா? (சங்கரன்கோவில்)

பதில்: எதை வைத்துப் போடுவீர்கள்? அவர் கொடுத்தது டிடிஆர்4, நீங்கள் கேட்டதும் டிடிஆர்4. பொருளில் குறை இல்லை. 2014 லேப்டாப்பில் பெரும்பாலும் முந்தைய தலைமுறை ராமான டிடிஆர்3எல்தான் இருக்கும். அதற்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260 பின். நடுவில் உள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும், தவறான ராம் உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதைத்தான் நீங்கள் அழுத்திப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்லாட் உடைந்திருந்தால் மதர்போர்டு வேலை. பழைய ராமைக் கழற்றி அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வாங்குவதற்கு முன் அந்த இரண்டு நிமிடத்தை ஏன் யாரும் செலவழிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இதே மாதிரிக் கடிதம் மாதத்துக்கு மூன்று வருகிறது.

நானும் இதில் பட்டிருக்கிறேன். 2019-இல் என் லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் (சின்னப் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி. செருகும் இடம்) இருக்கிறது என்று தெரிந்ததும் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான இணைப்பு வகை) எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தியது, ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. என் மாடலில் அந்த ஸ்லாட் சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர். உள்ளே ஓடுவது சாட்டாவா என்விஎம்இயா என்பதை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வாங்கிய கடையில் எடுக்கவில்லை. கடைசியில் நஷ்டத்துக்குத்தான் விற்றேன்.

நீங்கள் கடைக்காரரிடம் சண்டை போடாமல், கொஞ்சம் கழித்துக்கொண்டு மாற்றித் தருவாரா என்று பேசிப் பாருங்கள். ராமில் கீறல் விழாமல் இருந்தால் சம்மதிப்பார்.

கேள்வி: அண்ணாச்சி, பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். அண்ணனுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பைத்தான் இப்போது நான் வைத்திருக்கிறேன். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் 5,500 ரூபாய் கொடுத்து 256 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டோம். வேகம் கூடியது உண்மை. ஆனால் சி டிரைவில் 119 ஜிபி என்றுதான் காட்டுகிறது. கேட்டால், "மீதியை விண்டோஸ் எடுத்துக்கும்மா" என்கிறார்கள். பழைய 500 ஜிபி டிஸ்க்கையும் தரவில்லை. அதில் இறந்துபோன அப்பாவின் போட்டோக்கள் இருக்கின்றன. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். (முக்கூடல்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்ற இடத்தைத் தொட்டால் கெப்பாசிட்டி என்று முழு அளவையும் காட்டும். அங்கே 238 என்று இருந்தால் டிஸ்க் சரியானது, டி டிரைவாகப் பிரித்திருப்பார்கள். அங்கேயும் 119 என்றால் உங்களுக்குப் போட்டிருப்பது 128 ஜிபி. பெட்டியில் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 வைத்து எண்ணுகிறது. அதனால் 256 என்பது 238 ஆகத் தெரியும், 128 என்பது 119 ஆகத் தெரியும். விண்டோஸ் பாதியை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னது பொய்.

அடுத்தது அந்தப் பழைய டிஸ்க். இதைப் பற்றி நான் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். பைக்கில் பிரேக் ஷூ மாற்றினால் மெக்கானிக் பழைய ஷூவைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் காசு கேட்பார். தேய்ந்திருப்பதை நாம் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறப்போம். லேப்டாப் கடையில் மட்டும் நாம் ஏன் வாயை மூடிக்கொண்டு வருகிறோம்? பிரேக் ஷூவில் நம் ஆதார் நகல் கிடையாது, பாஸ்புக் ஸ்கேன் கிடையாது, குடும்பப் படம் கிடையாது. ஹார்ட் டிஸ்க்கில் அத்தனையும் இருக்கிறது. டெலீட் செய்தாலும், சாதாரணமாக ஃபார்மட் செய்தாலும், இலவச மென்பொருளை வைத்தே பலவற்றை மீட்டுவிடலாம். அந்த டிஸ்க் யார் கைக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அது வேலை செய்கிற பொருள். யுஎஸ்பி கேஸிங் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதில் போட்டால் உங்களுக்கு 500 ஜிபி பேக்கப் டிரைவ் ஆகியிருக்கும். "பழசு எதுக்குங்க உங்களுக்கு" என்று கடையில் கேட்டால், "என்னுடையது, கொடுங்கள்" என்பதுதான் பதில். அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பில்லும் அப்படித்தான். கம்பெனி, மாடல், அளவு, சீரியல் எண் நான்கும் இருந்தால்தான் அது பில். எஸ்.எஸ்.டி.க்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வாரண்டி தருகிறார்கள். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கேட்பது? "ஜி.எஸ்.டி. போட்டா 18 சதவீதம் கூட ஆகும்" என்று ஆசை காட்டுவார்கள். அந்தக் காசை மிச்சம் பிடித்து வாரண்டி முழுவதையும் இழக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளைக்குள், திரும்ப எடுத்துக் காசைத் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே அண்ணனையோ பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போய் டிஸ்க்கைக் கேளுங்கள். வேறு எதையும்விட அது அவசரம், கடைக்காரர் அதை விற்றோ அழித்தோ விடக் கூடாது. கேட்டதையும் அவர்கள் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் அவர்களுக்கே எழுதி அனுப்பி வையுங்கள், அது சாட்சி. துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் சாட்சி. தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள், கட்டணம் இல்லை. அதற்கும் அசையவில்லை என்றால் ஒப்புகையோடு ஒரு ஸ்பீட் போஸ்ட், அப்புறம் திருநெல்வேலியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை உள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்று இல்லை, நீங்களே பேசலாம். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், வரிக்கு வரி பார்த்துத் தருகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், தவறு அம்மா பக்கம் இல்லை.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லேப்டாப், 14,000 ரூபாய். எஸ்.எஸ்.டி. போட்டது, 15 நொடியில் ஆன் ஆகிறது. ஒரு யுஎஸ்பி போர்ட் மட்டும் வேலை செய்யவில்லை. சின்ன விஷயம்தானே? (திருநெல்வேலி டவுன்)

பதில்: சின்ன விஷயம் என்று முடிவு செய்யாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது நம் ஊரில் எத்தனை கடை, எத்தனை வீடு தண்ணீருக்குள் நின்றது என்று உங்களுக்கே தெரியும். நனைந்த லேப்டாப்பைக் காய வைத்து, எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு ஓட வைத்தால் கடை மேஜையில் அது வேகமாகத்தான் தெரியும். துரு போர்டில் மெதுவாக வேலை செய்யும். அடி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்க்ரூ தலையில் துரு இருக்கிறதா, போர்ட்டுக்குள் வண்டல் படிந்திருக்கிறதா, போர்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் தண்ணீர் பட்டால் சிவப்பாகும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் உள்ளே இருக்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், எஸ்.எஸ்.டி. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். மூடியைக் கழற்ற விடவில்லை என்றால் வந்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர். எஸ்.எஸ்.டி. போடக் கொடுத்தேன். புது டிஸ்க்குக்குப் புது விண்டோஸ் லைசென்ஸ் வேண்டும் என்று 1,800 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள். விண்டோஸ் 11 போட்டுத் தருவார்களாம். என் லேப்டாப் 2016, ஐ5 ஆறாம் தலைமுறை. (அம்பாசமுத்திரம்)

பதில்: ஐயா, வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் அந்த லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க் மாற்றிய பிறகு அதே வகை விண்டோஸைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். வேலைக்கூலி கொடுங்கள், லைசென்ஸுக்குக் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்களுடையது அதில் சேராது. எஸ்.எஸ்.டி. வேகத்தைத் தரும், அந்தத் தகுதியைத் தராது. குறுக்கு வழியில் போட்டால் பின்னால் அப்டேட் தடைபடலாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. அதற்கு மேல், மெயில், யூட்யூப், தமிழ் டைப்பிங் மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், இந்த லேப்டாப்பில் நன்றாக ஓடும், தமிழ் 99 விசைப்பலகையும் உண்டு.

கேள்வி: கூலிங் பேட் வாங்கினால் வேகம் கூடுமா? வீட்டில் பீடி சுற்றுகிறார்கள், லேப்டாப் கொதிக்கிறது. (ஆலங்குளம்)

பதில்: உள்ளே புகையிலைத் தூள் அடைத்திருக்கும். ஃபேனைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் பசை) மாற்றுங்கள். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது சரியாகிவிடும். பேட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: "உங்கள் கணினியில் 1,200 பிழைகள்" என்று காட்டும் கிளீனர் மென்பொருளுக்குக் காசு கட்டலாமா? (வள்ளியூர்)

பதில்: நான் இரண்டு வருடம் கட்டினேன். ஒரு நொடிகூட வேகம் கூடவில்லை. கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டதால் மூன்றாம் வருடத் தொகையும் கேட்காமலே போனது. கட்டாதீர்கள்.

கேள்வி: எஸ்.எஸ்.டி. போட்டு ஒரு மாதம். 20 நொடியில் ஆன் ஆகிறது, நன்றி. இனி பேக்கப் தேவையில்லைதானே? (பாளையங்கோட்டை)

பதில்: தேவை. ஹார்ட் டிஸ்க் போவதற்கு முன் பல நேரம் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும், அப்படிப் போனால் தரவை மீட்பதும் கஷ்டம். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப வாங்கியிருந்தால், கேஸிங்கில் போட்டு இந்த வாரமே பேக்கப் எடுங்கள்.