உதய்பூர்: அம்மாவோடு குளிர்காலத்தில் போகலாமா?

மூட்டுவலி உள்ள அம்மாவை டிசம்பர் கடைசியில் சென்னையிலிருந்து ராஜஸ்தானில் இருக்கும் உதய்பூர் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் வேண்டாம்; கூட்டமும் அறை வாடகையும் எகிறிவிடும். பொங்கல் முடிந்து கிளம்புங்கள். டெல்லி வழியாக டிக்கெட் போடாதீர்கள், ஜனவரி மூடுபனியில் விமானம் மாறுவது பெரும்பாடு. மும்பை வழி மேல்.

பகலில் வெயில் இதமாக இருக்கும். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், நம் மார்கழிக் குளிர் மாதிரி நினைக்காதீர்கள். ஹோட்டலில் ரூம் ஹீட்டர் உண்டா என்று முன்பே கேளுங்கள். அங்கே பல இடங்களில் கல் தரைதான். விடிகாலையில் வெறுங்காலை வைத்தால் முட்டி வரை ஜில்லென்று ஏறும். அம்மாவுக்குக் கனமான சாக்ஸ் கட்டாயம்.

சிட்டி பேலஸ் என்கிற ஏரிக்கரை அரண்மனையில் குறுகலான படிகள் நிறைய. ஜகதீஷ் கோயிலுக்கும் 32 படி, செங்குத்தாக. இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். அப்புறம், பிச்சோலா ஏரியில் படகு சவாரி சாயங்காலம்தான் அழகு. ஆனால் தண்ணீர்மேல் காற்று குத்தும். காதை மூட ஸ்கார்ஃப் எடுத்துப்போங்கள். அம்மா படகில் உட்கார்ந்தபடியே அந்த அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிடலாம்.