வெள்ளியங்கிரி ஏறுறவரு கேதார்நாத்தும் ஏறிருவாரா?

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு அம்மிணி எழுதியிருக்காங்க. அப்பாவுக்கு 61 வயசு, தோட்டம் பாக்கறவரு, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை எடுக்கறாரு, ஆனா வருசம் தவறாம வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி எறங்கறாரு. இப்ப திருப்பூர்ல ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்புல கேதார்நாத், பத்ரிநாத் பேக்கேஜ் போட்டிருக்காரு. கூடவே கைடு, ஆக்சிஜன், ஹெலி கன்ஃபார்ம், 25,000 அட்வான்ஸ் இன்னைக்கே ஜிபேல போட்ருங்கன்னு ஒரே நச்சரிப்பாம். "ஏனுங்க சார், தாட்டி உடலாங்களா, அங்க மூச்சு முட்டும்னு ஆளாளுக்கு சொல்றாங்க, அதுதான் வெசனமா இருக்குது"ன்னு கேட்டிருக்காங்க, டூர் பிளானையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க.

தாட்டி உடலாம் அம்மிணி. ஆனா இந்த பிளான்ல வேண்டாம்.

நம்மூர்ல இமயமலை போறேங்கறவங்க பாதிப்பேரு மொதல்ல சொல்றதே "நான் வெள்ளியங்கிரி போனவனுங்க"ங்கறதுதான். சந்தோசம், காலு நல்லா இருக்குதுன்னு தெரியுது, அதுக்கு மேல அதுல இருந்து ஒண்ணும் தெரியாது. வெள்ளியங்கிரி ஏழாவது மலையே 2,000 மீட்டருக்கு கீழதான். ஊட்டி 2,240, தொட்டபெட்டா உச்சி 2,637. கேதார்நாத் கோயில் 3,583 மீட்டர், அதாவது தொட்டபெட்டா மேல நின்னுட்டு இன்னும் ஒரு கிலோமீட்டர்கிட்ட நட்டுக்குத்தலா மேல போகணும். அங்க காத்தழுத்தம் கொறஞ்சு ஒவ்வொரு மூச்சுக்கும் நம்மூர்ல கெடைக்கற ஆக்சிஜன்ல மூணுல ரெண்டு பங்குதான் கெடைக்கும். போர்ல தண்ணி மட்டம் எறங்கிட்டா எத்தனை ஹெச்பி மோட்டாரு போட்டாலும் காத்துத்தான் வரும் பாருங்க, அந்தக் கதைதான், மோட்டாரு மேல குத்தமில்ல. சிக்ஸ்பேக் வெச்ச இருவத்தஞ்சு வயசுப் பையன் வாந்தி எடுத்துட்டு படுத்திருப்பான், ராஜஸ்தான்ல இருந்து வந்த பாட்டி ஒண்ணு செருப்போட சாவகாசமா நடந்து போயிட்டிருக்கும். யாருக்கு உசரம் ஒத்துக்கும் யாருக்கு ஒத்துக்காதுன்னு கீழ இருந்துட்டு எந்த டெஸ்ட்லயும் சொல்ல முடியாது. மெதுவா ஏறுனா பெரும்பாலும் ஒடம்பு பழகிக்கும், அவ்வளவுதான் இதுல இருக்கற ரகசியம்.

இப்ப அந்த போட்டோவுக்கு வர்றேன். முதல் நாள் கோயம்புத்தூர்ல பிளைட் ஏறி டெல்லி, அங்கிருந்து ராத்திரிக்குள்ள ஹரித்துவார். ரெண்டாம் நாள் குப்தகாசி. மூணாம் நாள் கேதார்நாத் ஏறி அங்கயே தங்கல். நாலாம் நாள் எறக்கம், அஞ்சாம் நாள் பத்ரிநாத். இதுல கோயில் பேரு, தரிசன நேரம், சாப்பாட்டு மெனு எல்லாம் கலர் கலரா இருக்குது, எந்த ராத்திரி எத்தனை உசரத்துல தூங்கறோம்னு ஒரு வரி இல்ல. அது ஒண்ணுதான் எனக்கு வேணும். குப்தகாசி சுமார் 1,300 மீட்டர். அடுத்த ராத்திரி 3,583. நடுவுல ஒரு தங்கலும் இல்லாம ஒரே பகல்ல 2,200 மீட்டருக்கு மேல தூக்கிட்டுப் போய் படுக்க வெக்கறாங்க, அதுவும் பிரஷர் இருக்கற மனுசனை. 3,000 மீட்டரைத் தாண்டிட்டா தூங்கற எடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஒசத்தாதீங்கன்னு மலை மருத்துவக்காரங்க சொல்றாங்க, கேதார்நாத்ல அதை அச்சு அசலா பின்பத்தறதுக்கு வழி கெடையாது, ஒத்துக்கறேன். ஆனா சித்தெ மாத்திக்கலாம். குப்தகாசிக்கு முந்தி ஒரு ராத்திரி சோப்டாவுல தங்க வெக்கச் சொல்லுங்க, அது கிட்டத்தட்ட தொட்டபெட்டா உசரம், ஊக்கிமட்டுல இருந்து பக்கந்தான், தெம்பு இருந்தா அங்கிருந்து துங்கநாத் கோயிலும் ஏறி எறங்கிக்கலாம். பொறவு கௌரிகுண்ட்ல ஒரு ராத்திரி, அது 1,980 மீட்டர். அங்கிருந்து விடியக்காலம் நடக்க ஆரம்பிச்சு, முடியலீன்னா வழியில லின்ச்சோலியில படுத்துட்டு மறுநாள் மேல போகட்டும். ரெண்டு நாள் எச்சா ஆகும், ரூம் வாடகை எச்சா ஆகும், அதனாலதான் ஏஜென்ட் போடமாட்டாரு. சார்தாம்ங்கற நாலு கோயிலுக்கும் போறவங்களுக்கு இந்தக் கவலை கொறச்சல், பழைய முறைப்படி யமுனோத்ரி, கங்கோத்ரி முடிச்சுட்டுத்தான் கேதார்நாத் வருவாங்க, அதுக்குள்ள ஒடம்பு ஓரளவு பழகியிருக்கும்.

அடுத்தது அந்த "கூடவே கைடு". இது யாருன்னு கேட்டீங்களா? கேட்டுருங்க. பெரும்பாலான பேக்கேஜ்ல கைடுங்கறது டூர் மேனேஜர், அவரு வேலை பஸ்ஸுல ஆள் எண்றது, காலையில பொங்கல் வடை வந்துச்சான்னு பாக்கறது. நடக்கற அன்னைக்கு "நீங்க போயிட்டு வந்துருங்க, நான் கீழ ரூம்ல இருக்கேன், போன் பண்ணுங்க"ன்னுருவாரு, மேல போன பொறவு உங்க போன்ல டவர் இருந்தாத்தான் அதுவும். நாப்பது பேருக்கு ஒரு மேனேஜர் இருந்து என்ன புண்ணியம்? மூணே மூணு கேள்வி கேளுங்க, போன்ல வேண்டாம், எழுதி வாங்குங்க. மேல வரைக்கும் கூட நடந்து வர்றவரு யாரு? ஒருத்தருக்கு முடியலீன்னா அவரை எறக்கிக் கூட்டிட்டு வர்றவரு யாரு, அப்ப மத்தவங்களை யாரு பாப்பாங்க? எறக்கற முடிவை எடுக்கறது யாரு? மூணாவதுக்கு "சாமி பாத்துக்குவாரு"ன்னு பதில் வந்துச்சுன்னா அட்வான்ஸை பத்திரமா பேங்க்லயே வெச்சுக்குங்க.

ஹெலி கன்ஃபார்ம். எனக்கு பத்திக்கிட்டு வர்ற எடமே இதுதான். கேதார்நாத் ஹெலி டிக்கெட்டு ஐஆர்சிடிசியோட ஹெலியாத்ரா சைட்டுல மட்டுந்தான், அதுக்கும் மொதல்ல உத்தரகண்ட் அரசாங்கத்துல யாத்திரை ரெஜிஸ்ட்ரேஷன் போட்டு நம்பர் வாங்கியிருக்கணும். அப்பறம் எந்த ஏஜென்ட் எப்படி கன்ஃபார்ம் பண்ணுவாரு? உங்கப்பா ஆதாரே இன்னும் அவருகிட்ட போகல! அந்த ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ஒரு பைசா கெடையாது, அதுக்கும் ஆயிரம் ரெண்டாயிரம்னு "சர்வீஸ்" போடறாங்க. அசல் சைட்டாட்டவே போலி சைட்டு வேற கெளம்பியிருக்குது, கூகுள்ல தேடுனா விளம்பரமா மொதல்ல வந்து நிக்கும், 2025 ஏப்ரல்ல உள்துறை அமைச்சகத்தோட சைபர் பிரிவே இதைப் பத்தி எச்சரிக்கை விட்டாங்க. பணம் போட்டு ஏமாந்துட்டா ஏஜென்ட்டோட சண்டை கட்டிட்டு நாளை ஓட்டாம அந்த நிமிசமே 1930க்கு கூப்பிடுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை நிறுத்தி வெக்க முடியும். டிக்கெட் திறந்து கொஞ்ச நேரத்துல தீந்துருது, சாதாரண ஜனம் லாகின் பண்ணி ஓடிபிக்கு காத்திருக்கறதுக்குள்ள முடிஞ்சிருது, வயசானவங்க எப்படி இதை பண்ணுவாங்கன்னு ஒருத்தருக்கும் அக்கறை கெடையாது, அந்த சந்துலதான் புரோக்கர் பூந்துக்கறான்.

சரி, டிக்கெட்டே கெடைச்சாலும் உங்கப்பாவுக்கு ஹெலி வேண்டாம்னுதான் சொல்லுவேன். இது நெம்ப பேருக்கு தலைகீழா தெரியும், அதனால சித்தெ வெளக்கமாவே சொல்றேன். நடந்து போனா ஒரு பகல் பூரா ஏறுறோம், ஒடம்புக்கு கொஞ்சமாச்சும் சமாளிக்க நேரம் இருக்குது. ஹெலியில சில நிமிசத்துல 3,500 மீட்டர்ல கொண்டுபோய் எறக்கி உட்டுருவாங்க. நடக்கற கஷ்டம் மிச்சம், ஆனா மூச்சுக் கஷ்டத்துக்கு ஹெலி மருந்தில்ல, பாக்கப்போனா அதை வெடுக்குனு கொண்டாந்து நிறுத்தறதே அதுதான். அப்ப ஹெலி யாருக்கு? முட்டிக்காரங்களுக்கு. முட்டி தேஞ்சு போச்சு, ஆனா நெஞ்சு சரியா இருக்குது, பிரஷர் கட்டுக்குள்ள இருக்குது, அப்படின்னா போகலாம், போயி தரிசனம் பண்ணிட்டு ராத்திரி தங்காம அன்னைக்கே எறங்கிரணும். முட்டியும் போச்சு நெஞ்சும் சரியில்லைன்னா? அவங்களுக்கு ஹெலியும் கெடையாது நடையும் கெடையாது, பத்ரிநாத் போகட்டும், 3,100 மீட்டர் சொச்சம், கோயில்கிட்ட வரைக்கும் கார் போகும், ஜோஷிமட்ல ஒரு ராத்திரி தங்கிட்டு போயிட்டு அன்னைக்கே எறங்கிக்கலாம், அதுவும் நெஞ்சு டாக்டர் சரின்னு சொன்னா மட்டும். நடந்து ஏறிட்டு முட்டி புடிச்சுக்கிட்டவங்க எறங்கறதுக்கு மட்டும் ஹெலி எடுக்கறது ஒண்ணும் தப்பில்ல, சீட்டு கெடைச்சா. ஆக முட்டிக்கு ஹெலி, மூச்சுக்கு நாளு. இதை மாத்திப் போட்டுறாதீங்க. அப்பறம் அந்தப் பள்ளத்தாக்குல மேகம் எப்ப எறங்கும்னு பைலட்டுக்கே தெரியாது, 2025 ஜூன்ல கௌரிகுண்ட் பக்கம் ஹெலி விழுந்து ஏழு பேரு போனது ஞாபகம் இருக்கும்.

குதிரைக்கும் இதே கணக்குதான், காலுக்குத்தான் லாபம். எடுக்கறதா இருந்தா கௌரிகுண்ட் பிரீபெய்டு கவுண்டர்ல ரசீது போட்டு எடுக்கட்டும், வழியில கையைப் புடிச்சு இழுக்கறவங்ககிட்ட வேண்டாம். நடக்கறவரு ஞாபகம் வெக்க வேண்டியது ஒண்ணு இருக்குது. 2013 வெள்ளத்துல வழியில இருந்த ராம்பாடாவையே அடிச்சுட்டுப் போன பொறவு பாதையை ஆத்துக்கு அந்தப் பக்கம் மாத்திட்டாங்க, பழைய 14 கிலோமீட்டர் இப்ப 16க்கு மேல, அதுல குதிரைக்கும் மனுசனுக்கும் ஒரே பாதை. குதிரை வந்துச்சுன்னா எப்பவும் மலைச்சுவரு பக்கம் ஒட்டி நிக்கணும். போட்டோ எடுக்கறேன்னு பள்ளத்துப் பக்கம் நின்னா குதிரை மேல இருக்கற மூட்டை தோள்ல ஒரு இடி இடிச்சா போதும், கைப்புடி இல்லாத எடமா இருந்தா அவ்வளவுதான். கைத்தடி வேணும், மழைக்கோட்டு வேணும், பிளாஸ்டிக் பாட்டா வேண்டாம்.

ஆக்சிஜன் குடுக்கறோம்னு போட்டிருக்காங்களே, அது பூச்சிமருந்து டப்பா சைசுல ஒரு கேன், விட்டு விட்டு இழுத்தாலும் சில நிமிசத்துல காலி. அதை நம்பி மேல ஏறக்கூடாது. கற்பூரத்தை கர்ச்சீப்ல முடிஞ்சு மோந்துக்கிட்டே போனா மூச்சு முட்டாதுன்னு கிட்டுல வெச்சு குடுக்கறாங்க, கற்பூரத்துல இருந்து ஆக்சிஜன் வராதுங்க, மூக்கு சில்லுனு இருக்கறதை மூச்சு நல்லா வருதுன்னு நெனச்சுக்கறோம். குளுருக்கு ரெண்டு மூடி பிராந்தி, தூக்கத்துக்கு அரை மாத்திரை, ரெண்டுமே மூச்சை இன்னும் கம்மி பண்ணும், ரெண்டும் வேண்டாம்.

கெளம்பறதுக்கு ஒரு மாசம் முந்தியே அப்பாவை அவரோட டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பிரஷர், சுகர், இசிஜி, அவரு வேணும்னா நெஞ்சுக்கு டிரெட்மில் டெஸ்ட் சொல்லுவாரு. "சார், கேதார்நாத் போறாரு, 3,583 மீட்டர்"னு உசரத்தைச் சொல்லி கேளுங்க, சும்மா டூருன்னா அவரும் போயிட்டு வாங்கன்னுருவாரு. உசரத்துக்குன்னு ஒரு மாத்திரை இருக்குது, அசிட்டசோலமைடு, டயமாக்ஸுன்னு சொன்னா தெரியும், ஏற ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள்ல இருந்து போடறது. இதை டூர்க்காரரு வடை குடுக்கறாப்ல பஸ்ஸுல எல்லார்த்துக்கும் நீட்டுவாரு, வாங்கிப் போடவேண்டாம், சல்பா அலர்ஜி இருக்கறவங்களுக்கு ஆகாது, பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை சாப்பிடறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான். சுகர் மாத்திரை போட்டுட்டு நாள் பூரா நடந்தா சுகர் தடால்னு எறங்கும், பாக்கெட்டுல கடலை மிட்டாய் இருக்கட்டும். இன்சுலின் போடறவங்களா இருந்தா பையில வெக்காம சட்டைக்குள்ள ஒடம்பு சூட்டுல வெச்சுக்கணும், ஒறைஞ்சு போச்சுன்னா வேலை செய்யாது.

அமர்நாத் போறதுன்னா 13ல இருந்து 70 வயசு வரைக்குந்தான், டாக்டர் சர்டிபிகேட் இல்லாம பேரே பதிய முடியாது. கேதார்நாத்துக்கு அந்தக் கட்டாயம் கெடையாது. வழியில மருத்துவ முகாம் இருக்குது, யாராச்சும் கூப்பிடட்டும்னு இருக்காம நீங்களா போய் நில்லுங்க. ஆதாரையும் க்யூஆரையும் கேக்கறதுல இருக்கற அக்கறை ஒரு பிரஷர் பட்டி கட்டறதுல இருந்தா எத்தனையோ பேரு வீடு வந்து சேந்திருப்பாங்க. அந்த அமர்நாத் சர்டிபிகேட்டையும் கொஞ்சம் பேரு எப்படி வாங்கறாங்கன்னு சொன்னா கோவம்தான் வரும், ஸ்டெதஸ்கோப்பை கழுத்துல இருந்து எடுக்காமயே சீல் விழுது. அப்படி வாங்கி யாரை ஏமாத்தறோம்?

மேல போன பொறவு என்ன பாக்கணும்னு அப்பாவுக்கும் கூடப் போறவங்களுக்கும் சொல்லி அனுப்புங்க. லேசா தலைவலி, பசி இல்லாம போறது, தூக்கம் வராதது எல்லாம் வரும், அதோட மேல ஏறாம அங்கயே நின்னு ஓய்வு எடுத்தா சரியாகும். ஆனா சும்மா உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குது, இருமல்ல நுரை வருது, குடிச்சவராட்ட தள்ளாடறாரு, பேச்சு கொழறுதுன்னா அது வேற. தரையில ஒரு கோடு போட்டு ஒரு கால் விரலை ஒட்டி அடுத்த காலோட குதிகாலை வெச்சு நடக்கச் சொல்லுங்க, நடக்க முடியலீன்னா தரிசனம் இன்னும் நூறடியில இருந்தாலும் எறங்கணும். அப்பவே. காலையில பாக்கலாம்னு தூங்க உடக்கூடாது. வழியில மெடிக்கல் ரிலீஃப் பாயிண்ட் இருக்குது, மாநிலப் பேரிடர் மீட்புப் படை ஆளுங்க இருப்பாங்க, தனியா எறக்காம அவங்களைப் புடிச்சு எறக்குங்க.

எப்ப போறதுன்னு நீங்க கேக்கல, ஆனா போட்டோவுல ஓரமா "ஆடி ஆஃபர்"னு இருந்துச்சு. ஜூலை ஆகஸ்ட்டுல அங்க மழை, மண்சரிவு, அதனாலதான் ஆஃபரே. 2024 ஜூலை 31 ராத்திரி மேகவெடிப்புல லின்ச்சோலி, பீம்பலி பக்கம் பாதை போயி ஆயிரக்கணக்குல ஜனங்களை மீட்டு எடுத்தாங்க. மே மாசம் கூட்டம் நெரிக்கும். புரட்டாசி பொறந்த பொறவு போகட்டும், அதுக்குள்ள வாரம் மூணு நாள் சென்னிமலை 1,320 படியும் ஏறி எறங்கட்டும், கூட வர்றவரோட பேசிக்கிட்டே ஏறணும், பேச்சு திணறுனா அது அவரோட வேகம் இல்லைன்னு அர்த்தம்.

கடைசியா அம்மாவையும் கூட்டிட்டு அடுத்த வருசம் கைலாஷ் போலாமான்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க. அது வேற லெவல், மலையைச் சுத்தி வர்ற வழியில டோல்மா லா கணவாயே 5,600 மீட்டருக்கு மேல. மத்திய அரசாங்கம் நடத்தற யாத்திரைன்னா 70 வயசுக்குள்ள இருக்கணும், பிஎம்ஐ, அதாவது உசரத்துக்குத் தக்க எடைக்கணக்கு, 25க்குள்ள இருக்கணும், குலுக்கல்ல பேரு வரணும். நேபாளம் வழியா தனியார் கூட்டிட்டுப் போறாங்க. அங்க ஒரு விசயம் மட்டும் இப்பவே சொல்லி வெக்கறேன், நம்ம அறநிலையத்துறை மானசரோவர் போயிட்டு வந்தவங்களுக்கு மானியம் குடுக்குது, அது போயிட்டு வந்த பொறவு நீங்க விண்ணப்பம் போட்டு வாங்கறது. "மானியம் கழிச்சு இவ்வளவுதாங்க, மிச்சத்தை நாங்க கவர்மெண்டுல வாங்கிக்கறோம்"னு ஏஜென்ட் சொன்னாருன்னா கையெழுத்து எதுவும் போட்றாதீங்க.