குவிஸில் இருபதுக்கு இருபது, பரீட்சையில் நாற்பத்து மூன்று

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. வாரம் இரண்டு முறை போனுக்கு லிங்க் வரும், ஆன்லைன் குவிஸ். 18, 20 என்றுதான் வாங்குகிறாள். அதே பாடத்தில் அரையாண்டில் 100-க்கு 43. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், வீட்டில் ஒரே போன். எந்த மார்க்கை நம்புவது?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: இரண்டையும் நம்புங்கள் சகோதரி. நாலு மீனைப் பரப்பி வைத்து இதில் சீலா எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடத் தொட்டுக் காட்டும். மீனே இல்லாமல், சீலா எப்படி இருக்கும் சொல்லு என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் யார் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்று. குவிஸ் முதல் வகை, பரீட்சை இரண்டாவது வகை. அதோடு நாலு விடையில் ஒன்று என்றால், படிக்காமலே குத்தினாலும் 20-க்குச் சராசரியாக 5 வந்துவிடும்.

அதற்காக குவிஸ் வேண்டாம் என்று பள்ளியில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் ஆய்வு செய்து எழுதினார்கள். தப்பு எது என்று பிள்ளைக்கு அப்போதே தெரிகிறது, எந்தக் கேள்வியில் வகுப்பே சறுக்கியது என்று ஆசிரியருக்கும் தெரிகிறது. நாற்பது நோட்டை ஒரே ராத்திரியில் திருத்தி இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஆனால் அதில் வருகிற மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் மண்டபம் பக்கம் வேலை பார்த்தபோது, ஆவுளியா (கடல்பசு) எதைத் தின்னும் என்று கூகுள் ஃபார்மில் டைப் செய்கிற கேள்வி ஒன்று வைத்தேன். விடையாக 'கடற்புல்' என்று மட்டும் கொடுத்திருந்தேன். ஒரு பையன் 'கடல் புல்' என்று இடைவெளி விட்டு அடித்திருந்தான், பூஜ்யம். ஆவுளியா மேய்ந்த தடத்தை அப்பாவோடு படகில் போய்ப் பார்த்தவன் அவன். ஒரே சொல்லை நாம் மூன்று விதமாக எழுதுவோம், அதையெல்லாம் முன்னாடியே விடையில் சேர்த்து வைக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன், அவன் முகம் வாடியது மனசை விட்டுப் போகவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, குவிஸ் முடிந்ததும் அதிலிருந்து இரண்டு கேள்வியை எடுத்து, நாலு விடையைக் காட்டாமல் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை எந்த மாதம் என்று கேட்டால் அக்டோபர் முதல் டிசம்பர் என்று தட்டிவிடுவாள். வாடைக் காற்றில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) ஏன் அமைதியாக இருக்கிறது என்று ஐந்து வரி எழுதட்டும். அப்பாவிடம் கேட்டு எழுதினாலும் நல்லதுதான். அப்புறம், போன் கடலுக்குப் போய்விடுகிற நாளும் உண்டு என்பதால் லிங்கை இரண்டு மூன்று நாள் திறந்து வைக்கும்படி ஆசிரியரிடம் கேளுங்கள், தயங்காதீர்கள்.

கேள்வி: ஒரு பிள்ளை விடைகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறது. எப்படித் தடுப்பது?
- ஆசிரியர், தொண்டி

பதில்: கேள்வி வரிசையும் விடை வரிசையும் ஒவ்வொருவருக்கும் மாறி வரும்படி வைக்கலாம், 'மூணாவதுக்கு பி' என்பது செல்லாது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை என்ன செய்வீர்கள்? குவிஸ் மார்க்கை ரேங்க் கார்டில் சேர்ப்பதை நிறுத்துங்கள் சார். மார்க் இல்லை என்று தெரிந்தால் விடையைக் கடத்த வேண்டிய அவசியமே பிள்ளைகளுக்கு இருக்காது.