அலாஸ்காவை வாங்கியதைத் தவிர வில்லியம் சீவர்ட் என்ன சாதித்தார்?

அலாஸ்கா கதை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கினார் சீவர்ட், ஏக்கர் சுமார் இரண்டு சென்ட், கேலி செய்தவர்கள் பின்னால் வாயடைத்துப் போனார்கள். சரி, அதை விடுங்கள். கீழ்க் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நடத்திப் பிழைக்கிறவன் நான். என்னைக் கேட்டால், சீவர்ட் செய்த பெரிய காரியம் அதற்கு 21 வருடம் முன்பே, நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் என்ற சிற்றூரில் நடந்துவிட்டது.

1846 மார்ச்சில் வில்லியம் ஃப்ரீமன் என்ற கறுப்பின இளைஞன் அந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் புகுந்து நான்கு பேரைக் குத்திக் கொன்றான். செத்தவர்களில் ஒரு கர்ப்பிணி, ஒரு சின்னக் குழந்தை. பிடித்துக்கொண்டு வந்தபோதே அடித்துக் கொல்லக் கூட்டம் தயாராக இருந்தது. அவனுடைய முன்கதை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. 16 வயதில், செய்யாத குதிரைத் திருட்டுக்காக ஐந்து வருடம் ஆபர்ன் சிறையில் கிடந்தவன் அவன். அங்கே தலையில் பலகையால் அடித்ததில் காது போனது, புத்தியும் பேதலித்தது. வெளியே வந்ததும், அந்த ஐந்து வருடத்துக்குக் கூலி கொடுங்கள் என்று கேட்டு அலைந்திருக்கிறான்.

இவனுக்காக ஆஜரானவர்தான் சீவர்ட். அதுவும் ஃபீஸ் வாங்காமல். அவர் ஒன்றும் வழக்குக்கு ஏங்கிக் கிடந்த புது வக்கீல் இல்லை. இரண்டு முறை நியூயார்க் ஆளுநராக இருந்துவிட்டு, கடனை அடைக்கத் தொழிலுக்குத் திரும்பியவர். அரசியல் ஆசையும் விட்டுப்போகவில்லை. அப்படிப்பட்டவர் தன் சொந்த ஊரையே பகைத்துக்கொண்டார். மனைவி ஃபிரான்சிஸ் பக்கபலமாக நின்றார். அடிமைமுறையை எதிர்ப்பதில் கணவரைவிடப் பல மடங்கு தீவிரமானவர் அவர்.

சர்க்கார் தரப்பில் வந்தது மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், முன்னாள் ஜனாதிபதி வான் பியூரனின் மகன். குற்றவாளியின் மனநிலை சரியில்லை என்பது சீவர்டின் வாதம். அதை இன்றைக்கு ஜாமீன் மனுவிலேயே எழுதிவிடுகிறோம். அன்றைக்கு அது ஜூரிக்குத் தப்பிக்கும் தந்திரமாகத்தான் தெரிந்தது. இறுதி வாதத்தில் சீவர்ட் சொன்னார்: நான் செத்த பிறகு என்றாவது ஒரு அந்நியன் என் மேல் ஒரு கல் நட்டு, 'விசுவாசமாக இருந்தார்' என்று எழுதுவான். ஜூரி அசரவில்லை, தூக்குத் தண்டனை. அப்பீலில் அது ரத்தாகி மறு விசாரணைக்கு உத்தரவானது. அதற்குள் 1847இல் ஃப்ரீமன் ஜெயிலிலேயே இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் மூளை நோயுற்றிருந்தது தெரிந்தது. ஆபர்னில் சீவர்டின் கல்லறையில் அந்த வாசகம்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்கு அவர் அரசியலைக் கெடுக்கவில்லை. வாதம் அச்சாகிப் பலரும் படித்தார்கள். 1849இல் செனட்டர். மறு வருடமே, அடிமைமுறை பரவுவதை எதிர்த்து, அரசியலமைப்புக்கு மேலான ஒரு சட்டம் உண்டு என்று செனட்டில் பேசினார். தீவிரவாதி என்று அப்போது விழுந்த முத்திரை 1860இல் காலை வாரியது. குடியரசுக் கட்சி மாநாட்டின் முதல் சுற்றில் அவருக்கு 173½ ஓட்டு, லிங்கனுக்கு 102. மூன்றாவது சுற்றில் லிங்கன் ஜனாதிபதி வேட்பாளராகிவிட்டார்.

அப்புறம் ஜனாதிபதியான அந்த லிங்கனிடமே வெளியுறவு அமைச்சர். ஆட்சியை நான் நடத்திக்கொள்கிறேன் என்கிற தொனியில் ஆரம்பத்தில் ஒரு குறிப்பு அனுப்பி, மரியாதையாக மூக்குடைபட்டார். பிறகு இருவரும் நெருங்கிய நண்பர்கள். உள்நாட்டுப் போரில் பிரிட்டன், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் பக்கம் இறங்காமல் பார்த்துக்கொண்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. லிங்கன் சுடப்பட்ட அதே இரவில், வண்டியிலிருந்து விழுந்து தாடை உடைந்து படுக்கையில் கிடந்த சீவர்டையும் ஒருவன் வீடு புகுந்து கத்தியால் குத்தினான். முகம் கிழிந்தும் பிழைத்தார்.

எனக்கு உறுத்துவது அதற்குப் பிந்தைய வருடங்கள். விடுதலையான கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தடுக்கப் பார்த்தவர், லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன். அதே வருடம் ஜான்சன் ஆதரவு திரட்ட ஊர் ஊராகப் போனபோது, ஃப்ரீமனுக்காக நின்ற இந்த வக்கீலும் கூடவே ரயிலேறினார். வடக்கையும் தெற்கையும் சீக்கிரம் ஒட்டவைத்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை.