ஊறுகாய்க் கதையின் மறுபாதி

கடிதம்:

என் அப்பா விமானப்படையில் கான்பெரா என்ற குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1961இல் ஐ.நா. படையோடு காங்கோவுக்குப் போனவர். வீட்டுக்கு யார் வந்தாலும் அதே நான்கு வேடிக்கைக் கதைகளைத்தான் சொல்வார். ஒரு கதை ஒருமுறை காங்கோவின் அன்றைய தலைநகர் லியோபோல்ட்வில்லில் நடக்கும், அடுத்த முறை காமினா விமானத் தளத்தில் நடக்கும். ஒற்றைப் பயிற்சி விமானம் ஐ.நா.வையே ஆட்டிவைத்தது என்கிறார். பிழைகளைச் சுட்டிக்காட்டினால் அவர் முகம் சுருங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். எதை நம்புவது? உயிர்கள் போன ஓர் இடத்தைப் பற்றி இப்படிச் சிரிக்கலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

சிரிக்கலாமா என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. போர்க்களத்தில் பேய்கள் கூழ் அடுவதைப் பரணியில் பாடிச் சிரித்த மொழி நம்முடையது. அங்கே போய்வந்தவர் சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது?

ஒற்றை விமானக் கதையும் உண்மைதான். 1961 செப்டம்பரில், காங்கோவிலிருந்து பிரிந்து நின்ற கட்டாங்கா மாகாணத்திடம் பறக்கும் நிலையில் இருந்தது ஒரே ஒரு ஃபூகா மாஜிஸ்டர் பயிற்சி விமானம். எதிர்த்துப் பறக்க ஐ.நா.விடம் ஒரு போர் விமானம்கூட இல்லை. அதன் பிறகுதான் இந்தியாவின் கான்பெராக்களும், ஸ்வீடனின் ‘பறக்கும் பீப்பாய்’களும், எத்தியோப்பியாவின் சேபர்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.

நான் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வருவது உங்கள் இன்னொரு வரியை. பிழைகளைச் சுட்டிக்காட்டுகிறீர்களாம். அந்த வேலையை உங்களுக்குக் கொடுத்தது யார்?

என் சித்தப்பாவும் அங்கே இருந்தார், கான்பெராவில் வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டராக. அந்த வகைக் கான்பெராவில் இரண்டு பேர். விமானி மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். நேவிகேட்டர் கீழே, விமானத்தின் மூக்குக்குள், வரைபடத்தோடு கிடப்பார். விமானிக்கு எஜெக்‌ஷன் இருக்கை உண்டு, கைப்பிடியை இழுத்தால் அது அவரை வெளியே வீசிவிடும். நேவிகேட்டருக்கு அது கிடையாது. ஆபத்து என்றால் கதவு வரை தவழ்ந்து போய், அவரேதான் குதிக்க வேண்டும்.

சித்தப்பாவின் விமானி வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். வந்த அரைமணியில் ஊறுகாய்க் கதை தொடங்கிவிடும். சித்தப்பா ஒரு புட்டி மாங்காய் ஊறுகாயை வரைபடப் பைக்குள் வைத்திருக்கிறார். மேலே போனதும் மூடி கசிந்துவிட்டது. அது தெரியாமல் திசை குறித்த துண்டுச்சீட்டை விமானியிடம் நீட்ட, சீட்டு முழுக்கச் சிவப்பு எண்ணெய். விமானத்தின் குழாய்களில் ஓடும் ஹைட்ராலிக் எண்ணெயும் சிவப்புதான். “குழாய் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். கீழே பார்த்தால் இவன் விரலை நக்கிக்கொண்டிருக்கிறான்” என்பார் விமானி. “பொய். நான் பாராசூட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்” என்பார் சித்தப்பா. “உனக்கு இருக்கை இருந்தது, எனக்கு என்னடா இருந்தது?” “உனக்கு ஊறுகாய் இருந்தது!” இந்த இடத்தில் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். விமானி சிரித்தபடியே சித்தப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வெகுநேரம் விடமாட்டார்.

விமானி காலமான பிறகு சித்தப்பா அந்தக் கதையைத் தனியாகச் சொல்லத் தொடங்கினார். “எனக்கு என்னடா இருந்தது?” என்று கேட்டு நிறுத்துவார். ஒருநாள் அந்த இடைவெளி தாங்காமல், “ஊறுகாய் இருந்தது!” என்று நான் சொல்லிவிட்டேன். அவர் முகமும் சுருங்கியது. எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை. என் வாயை நானே அடைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று இன்றும் வருந்துகிறேன்.

இந்தக் கதைகள் வீட்டாருக்காகப் பிறந்தவை அல்ல. விமானி பார்த்தது ஒரு பாதி, கீழே கிடந்தவர் பார்த்தது மறுபாதி. ஒருவர் கூட்டிச் சொல்வார், மற்றவர் மறுப்பார், அந்த மறுப்பில்தான் கதை முழுமையாகும். உங்கள் அப்பா திரும்பத் திரும்பச் சொல்வது மறதியால் என்று நினைத்துவிட்டீர்கள். அவர் மறுப்புக்காகக் காத்திருக்கிறார், ஆனால் உங்கள் மறுப்புக்காக அல்ல. பக்கத்தில் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவன் “பொய்” என்றால் அது கொஞ்சல். தேதியையும் ஊரையும் சரிபார்த்துவிட்டு மகள் “பொய்” என்றால் அது விசாரணை. கான்பெராக்கள் லியோபோல்ட்வில்லிலும் இருந்தன, காமினாவிலும் இருந்தன. எதற்காக அந்த மனிதரைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

கடிதம் முழுவதும் படித்துவிட்டேன். அப்பாவோடு பறந்த நேவிகேட்டரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உயிரோடு இருக்கிறாரா? எண்பது வயதைத் தாண்டியிருப்பார். இந்த வாரமே கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். இருந்தால் அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். பயணம் முடியாதென்றால் தொலைபேசியிலாவது பேசவையுங்கள். அவர் இல்லையென்றால், அதே படைப்பிரிவில் இருந்த வேறொருவரையாவது தேடிப் பிடியுங்கள். ஒலிப்பதிவை ஓடவிட்டு ஓர் ஓரமாக உட்காருங்கள். இடையில் பேச வேண்டாம். காமினாவா, லியோபோல்ட்வில்லா என்பதை அவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்.